செகண்ட் ஹேண்ட் ஃபில்டர் வாங்குறதுக்கு முன்னாடி, மோட்டாரை ஒருதடவை நிப்பாட்டிப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்; பேச்சு நடையை மாற்றவில்லை.)

நான் கீழ் கோத்தகிரி வீட்டுல இருந்துதான் பேசுறேன். வெளிய செம மிஸ்ட். எதிர் வீட்டுத் தகரக் கூரைகூட தெரியல. கரண்ட் எப்போ போகும்னு சொல்ல முடியாது, அதனால லேப்டாப்பை ஃபுல் சார்ஜ்ல வெச்சுட்டு ஆரம்பிக்கிறேன். நடுவுல மெல்லிசா ஒரு ரீங்காரம் கேட்டா உங்க ஹெட்போன்ல பிரச்சனை இல்ல. அது எனக்குப் பின்னாடி ஓடுற மீன் தொட்டி ஃபில்டர். இன்னைக்கு எபிசோடே அதைப் பத்திதான்.

பழைய பொருள் வாங்குறதைப் பத்திப் பேசினா நிறைய பேர் கேக்குற கேள்வி இது: "ப்ரோ, மீன் தொட்டி ஃபில்டர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா?" என் பதில்: தாராளமா வாங்கலாம். ஆனா நான் வாங்கின மாதிரி மட்டும் வாங்கிடாதீங்க. ரெண்டு மீன் செத்துச்சு. அதைவிடப் பெருசா ஒண்ணு நடந்திருக்கும், ஜஸ்ட் மிஸ். அந்தக் கதையைச் சொல்லிட்டு, என்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில வரிசையா சொல்றேன்.

தொட்டி யாருக்கு?

எங்க அப்பா முப்பது வருஷத்துக்கு மேல டீ ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்தவர். சி.டி.சி ரோலர், டிரையர், இலை வாட்டுற ட்ரஃப்போட ஃபேன், எல்லாம் அவர் கைதான். ரிட்டயர் ஆன பிறகு மனுஷனுக்கு வீட்டுல சத்தமே இல்லாம ஒரு மாதிரி ஆயிடுச்சு. விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து சும்மா உக்காந்திருப்பார். அதனால 3 அடி தொட்டி ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 130 லிட்டர்.

இந்தக் குளிருக்கு ஹீட்டர் இல்லாம தாங்குறது கோல்டு ஃபிஷ்தான். நாலு விட்டோம். அழகான மீன், ஆனா பயங்கரமா தின்னும், அதே அளவுக்கு அசுத்தமும் பண்ணும். ஏர் பம்ப்ல ஓடுற ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்துச்சு. நாலு மாசத்துல மீன் வளர்ந்ததும் அதால சமாளிக்க முடியல.

அடுத்தது கேனிஸ்டர் ஃபில்டர். தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: தொட்டிக்கு வெளிய, கீழ வைக்கிற ஒரு மூடின டப்பா. ஒரு ட்யூப்ல தண்ணி கீழ இறங்கும், உள்ள இருக்குற ஸ்பாஞ்ச், செராமிக் வளையம் எல்லாத்துக்குள்ளயும் போகும், மேல் மூடியில இருக்குற மோட்டார் அதை இன்னொரு ட்யூப் வழியா திரும்ப ஏத்திவிடும். புதுசு ஆறாயிரம் சொன்னாங்க. கோயம்புத்தூர்ல ஒருத்தர் வேலை மாறி பெங்களூர் போறார், 1,800-க்குத் தர்றேன்னார். மூணுல ஒரு பங்கு விலை கூட இல்ல. நான் விடுவேனா?

முப்பது செகண்ட் டெமோ

அவர் வீட்டுக்குப் போனப்போ ஃபில்டர் ஓடிட்டே இருந்துச்சு. தண்ணி நல்ல ஃப்ளோ. "ரெண்டு வருஷமா ஒரு பிரச்சனையும் இல்ல ப்ரோ. பாக்டீரியா எல்லாம் உள்ளயே இருக்கு, கழுவாம அப்படியே மாட்டிக்கங்க" அப்படின்னார். அவர் சொன்னதுல பொய் எதுவும் இல்ல. நான்தான் சரியான கேள்வியைக் கேக்கல. முப்பது செகண்ட் பார்த்தேன், ஜிபே பண்ணேன், வால்வை மூடினேன், தண்ணியோட அப்படியே பைக்குள்ள போட்டுக் கிளம்பிட்டேன்.

மேட்டுப்பாளையம் ரோடு புது பஸ் ஸ்டாண்ட்ல ஏறி, மேட்டுப்பாளையம், அங்க இருந்து கோத்தகிரி, அங்க இன்னொரு பஸ் புடிச்சு கீழ் கோத்தகிரி. வீடு வந்து சேர அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. அப்பா தூங்கிட்டார். காலையில சர்ப்ரைஸ் கொடுக்கலாம்னு ராத்திரியே மாட்டினேன். ஆன் பண்ணதும் கறுப்பா ஒரு புகை மாதிரி தொட்டிக்குள்ள வந்துச்சு, அழுகின முட்டை நாத்தம். "ஓடினா சரியாயிடும்"னு நினைச்சேன். பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரை வெளிய எடுத்து, பிழிஞ்சு, கொடியில காயப் போட்டுட்டேன்.

ஆபீஸ்ல இதை ஒரு ஜூனியர் பண்ணியிருந்தா நான் கத்தியிருப்பேன். புது சர்வர் ஒழுங்கா ஓடுதான்னு பார்க்காம, அதே ராத்திரி பழைய சர்வரை ஆஃப் பண்ணின மாதிரி. (சிரிப்பு)

"சுருக்குங்குது கண்ணு"

காலையில அம்மா குரல் கேட்டுதான் முழிச்சேன். மீன் ரெண்டு மேல வந்து வாயைப் பிளந்துட்டு நிக்குதுன்னு, தண்ணியில கை விட்டுப் பார்த்திருக்காங்க. "தண்ணியைத் தொட்டா சுருக்குங்குது கண்ணு"ன்னாங்க. நான் "குளிருக்கா இருக்கும்மா"ன்னு சொல்லிட்டு இன்னும் போர்வைக்குள்ளதான் இருக்கேன். அப்பா ஒரு வார்த்தை பேசல. நேரா போய் மெயினை ஆஃப் பண்ணிட்டார்.

அப்புறம் டார்ச் எடுத்துட்டு வந்து, ஃபில்டர் பக்கத்துல உக்காந்து, அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சார். மோட்டார் மூடிக்குள்ள வயர் நுழையற இடத்துல ரப்பர் இறுகி, சின்னதா வெடிச்சிருக்கு. மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவுல இருக்குற ஓ-ரிங் தேய்ஞ்சு, அதுல இருந்து சொட்டுச் சொட்டா தண்ணி கசிஞ்சு, அந்த வெடிப்பு மேலயே ஓடியிருக்கு. அந்த ஈரம் வழியா கரண்ட் தொட்டித் தண்ணிக்குப் போயிடுச்சு. கீழ சிமெண்ட் தரை முழுக்க ஈரம். அம்மா வெறுங்காலோட அதுலதான் நின்னுட்டு இருந்திருக்காங்க.

இந்த இடத்துல ஒரு சின்னக் கணக்கு. எல்லாரும் "ஃப்யூஸ் போயிருக்குமே, எம்.சி.பி விழுந்திருக்குமே"ன்னு கேப்பீங்க. 20 வாட் மோட்டார் 230 வோல்ட்ல இழுக்குறது 0.09 ஆம்பியர், அதாவது சுமார் 90 மில்லி ஆம்பியர். எம்.சி.பி 6 ஆம்பியர், 10 ஆம்பியருக்கு மேல போனாதான் விழும். ஆனா ஒரு மனுஷ உடம்பு வழியா 30 மில்லி ஆம்பியர் கொஞ்ச நேரம் போனாலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அதாவது ஒரு ஆளைக் கொல்லுற அளவு கசிவு, எம்.சி.பி கணக்குல ஒண்ணுமே இல்ல. ஒயரும் வீடும் எரியாம இருக்குறதுக்குத்தான் எம்.சி.பி. ஆளைக் காப்பாத்துறது ஆர்.சி.சி.பி. உள்ள போற கரண்டும் திரும்ப வர்ற கரண்டும் சமமான்னு அது பார்த்துட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தா கண் இமைக்கிற நேரத்துல துண்டிச்சிடும். எங்க வீட்டுல அது இல்ல. பழைய வயரிங், கட்டை ஃப்யூஸ் காலத்து வீடு. அம்மாவைக் காப்பாத்துனது வெறும் அதிர்ஷ்டம்.

அன்னைக்கு அப்பா திட்டுவார்னு நினைச்சேன். திட்டல. ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "வாங்கும்போது நிப்பாட்டிப் பாத்தியா தம்பி?"

"ஓடிட்டுதான்பா இருந்துச்சு."

"ஓடுற மெஷின் ஓடத்தான் செய்யும். ஃபேக்டரியில பழைய மெஷின் வாங்கினா நிப்பாட்டச் சொல்லுவோம், கழட்டச் சொல்லுவோம், ஆற விட்டுத் திரும்பப் போடச் சொல்லுவோம். அப்பதான் அதோட வயசு தெரியும்."

நான் அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிச்சுப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இந்தச் சின்ன மோட்டாருக்கும் பொருந்துது. இதுல சுத்துறது ஒரு காந்தம், அதோட ஒட்டின இறக்கை. அதுக்குப் பேரு இம்பெல்லர். நடுவுல ஒரு மெல்லிசான தண்டு. ஒருதடவை சுத்த ஆரம்பிச்சிட்டா, தண்டு தேய்ஞ்சிருந்தாலும், உப்பு படிஞ்சிருந்தாலும் பெரும்பாலும் சுத்திட்டே இருக்கும். நின்ன இடத்துல இருந்து கிளம்புறதுதான் கஷ்டம். தேய்ஞ்ச மோட்டார் 'டர்ர்'னு அதிரும், சுத்தாது. கரண்டே போகாத அபார்ட்மெண்ட்ல ரெண்டு வருஷம் நல்லா ஓடின மோட்டார், ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போற எங்க ஊர்ல நாலு தடவை கிளம்பணும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்து, மோட்டார் கிளம்பலன்னா, யாருக்குத் தெரியும்?

மீன் ஏன் செத்துச்சு?

அந்த ரெண்டு மீனும் சாயங்காலத்துக்குள்ள போயிடுச்சு. அப்பா மேரக்காய் கொடிக்கு அடியில புதைச்சார். மிச்சம் ரெண்டு பொழைச்சிடுச்சு.

இதுக்குக் காரணம் கரண்ட் இல்ல, அந்தக் கறுப்புத் தண்ணி. மீன் கழிவுல இருந்து அமோனியா வரும், அது விஷம். ஃபில்டருக்குள்ள இருக்குற நுண்ணுயிர்கள் அதை முதல்ல நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். அப்புறம் அதை நைட்ரேட் ஆக்கும், அதுல ஆபத்து ரொம்பக் கம்மி. 1890-லயே ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி இந்த வேலையைப் பண்ற பாக்டீரியாவைப் பிரிச்சுக் காட்டிட்டார். 2005-ல அமோனியாவை உடைக்கிற ஒரு புது உயிரியை, பாக்டீரியா வகையே இல்லாத ஆர்க்கியா ஒண்ணை, எங்க இருந்து பிரிச்சாங்க தெரியுமா? அமெரிக்காவுல சியாட்டில் அக்வேரியத்தோட ஒரு தொட்டியில இருந்து. 2015-ல ரெண்டு கட்ட வேலையையும் ஒரே ஆளா பண்ற நைட்ரோஸ்பைராவைக் கண்டுபிடிச்சாங்க. அதுல ஒரு குழு அதைப் பார்த்தது மீன் பண்ணை ஃபில்டர்ல. நம்ம வீட்டு ஃபில்டர்னா சும்மா பிளாஸ்டிக் டப்பான்னு நினைச்சிடாதீங்க.

இந்த உயிர்களுக்கெல்லாம் ஆக்சிஜன் கட்டாயம் வேணும். ஃபில்டர் ஓடுற வரைக்கும் தண்ணியோட ஆக்சிஜனும் வந்துட்டே இருக்கும். நான் வால்வை மூடிப் பைக்குள்ள போட்ட உடனே அது நின்னு போச்சு. டப்பாவுக்குள்ள இருந்த கொஞ்ச ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்திடும். அப்புறம் ஆக்சிஜன் இல்லாத இடத்துல வாழுற வேற ஆளுங்க உள்ள வருவாங்க. அவங்க விடுறதுதான் அந்த அழுகின முட்டை நாத்தம், ஹைட்ரஜன் சல்ஃபைடு. மீனுக்குக் கொஞ்சம் போதும். ரெண்டு வருஷமா வளர்ந்த ஒரு ஊரையே நான் பஸ்ல மூச்சடைக்க வெச்சுக் கொண்டுவந்து, அந்தச் சாக்கடையை நேரா தொட்டியில கொட்டியிருக்கேன்.

எங்க ஊர்ல இன்னும் ரெண்டு சிக்கல் உண்டு. ஒண்ணு குளிர். இந்தப் பாக்டீரியாவுக்கு 25, 30 டிகிரிதான் பிடிக்கும். 10 டிகிரி குறைஞ்சா வேகம் ஏறக்குறைய பாதியாயிடும். சமவெளியில நாலு வாரத்துல தயாராகுற ஃபில்டர், இங்க டிசம்பர்ல அதைவிட ரொம்ப நாள் எடுக்கும். ரெண்டாவது, எங்க ஓடைத் தண்ணி ரொம்ப மென்மையானது, சுண்ணாம்புச் சத்து கம்மி. அமோனியாவை உடைக்கும்போது தண்ணியோட காரத்தன்மை செலவாகும். அது தீர்ந்தா பி.ஹெச் இறங்கும், பாக்டீரியா வேலையை நிறுத்திடும். அதுக்கு நான் ஒரு சின்ன வலைப் பையில உடைச்ச சிப்பி ஓடு போட்டு ஃபில்டர்ல வெச்சிருக்கேன். மெதுவா கரையும்.

சரி, எப்படி வாங்குறது?

இப்போ நோட் பண்ணிக்கோங்க. பழைய ஃபில்டர் வாங்கும்போது நீங்க மூணு பொருள் வாங்குறீங்க: மோட்டார், ரப்பர், உள்ள இருக்குற உயிர். விலை பேசுறது முதல் பொருளுக்கு மட்டும்தான். மூணையும் தனித்தனியா பார்க்கணும்.

முதல்ல மோட்டார். பிளக்குல இருந்து மோட்டார் மூடி வரைக்கும் வயரை விரலால நீவிப் பாருங்க, பிளக்கைப் புடுங்கிட்டு. ரெண்டு முனையிலயும் லேசா வளைச்சுப் பாருங்க. இறுகியிருந்தாலோ, வெடிப்பு இருந்தாலோ, டேப் சுத்தியிருந்தாலோ அப்படியே கும்பிட்டுட்டு வந்திடுங்க. தண்ணிப் பக்கத்துல இருக்குற வயர்ல ஒட்டுப் போடுற வேலை வேண்டாம். அடுத்து, தண்ணியோட வெச்சு ஆஃப் பண்ணி, ஒரு டீ குடிச்சு, பத்து நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க. அஞ்சு தடவை ஆன், ஆஃப். ஒரு தடவை தடுமாறினாலும் இம்பெல்லரைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. தண்டு நேரா இருக்கா, காந்தம் உப்பி உரசுதான்னு பாருங்க.

ரெண்டாவது ரப்பர். ஓ-ரிங்கைக் கையில எடுத்து லேசா இழுங்க. தட்டையாயிருந்தா, மயிரிழை வெடிப்பு தெரிஞ்சா, மாத்தணும். அந்த மாடலுக்கு ஓ-ரிங், இம்பெல்லர் ரெண்டும் கடையில கிடைக்குதான்னு கேட்டுட்டுதான் காசு கொடுக்கணும். சென்னைக்காரங்களுக்குக் கொளத்தூர் இருக்கு, தெரு முழுக்க மீன் கடை, ஒரு ரவுண்டு அடிச்சா தெரிஞ்சிடும். ஸ்பேர் கிடைக்காத மாடல் எவ்வளவு மலிவா வந்தாலும் எனக்கு வேண்டாம். ரப்பருக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. வாஸலின் தடவாதீங்க, நிறைய ரப்பரை அது கெடுத்திடும். வீட்டுக்கு வந்ததும் தொட்டியில மாட்டாம, ஒரு பக்கெட் தண்ணியில ஒரு நாள் முழுக்க ஓட விடுங்க. ஃபில்டருக்கு அடியில நியூஸ் பேப்பர் விரிங்க. ஒரு சொட்டு கசிஞ்சாலும் பேப்பர் காட்டிக் கொடுத்திடும்.

மூணாவது உயிர். விக்கிறவர்கிட்ட ரெண்டு கேள்வி: "ஃபில்டரை எப்போ நிப்பாட்டினீங்க? கடைசியா மீன் எதுவும் செத்துச்சா?" தொட்டி கண்ணெதிர்ல ஓடிட்டு இருக்கு, மீன் ஆரோக்கியமா இருக்குன்னா மட்டும் உள்ள இருக்குறதைக் காப்பாத்தப் பாருங்க. ஸ்பாஞ்ச், வளையம் எல்லாத்தையும் அதே தொட்டித் தண்ணி இருக்குற பக்கெட்ல போட்டு, பேட்டரி ஏர் பம்ப்போட கொண்டு வாங்க. டப்பாவை மூடிக் கொண்டு வராதீங்க. வந்ததும் பழைய ஃபில்டரைக் கழட்டாம, ரெண்டையும் ஒரு மாசமாவது சேர்த்து ஓட விடுங்க.

தொட்டி காலியா இருக்கு, பரண்ல கிடந்துச்சு, மீன் எப்படிச் செத்துச்சுன்னு தெரியல, இப்படி எதாவது இருந்தா கிருமி நீக்கம்தான். ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுங்க, புதுசு மலிவு. டப்பா, ட்யூப், வளையம் எல்லாத்தையும் வாசனை சேர்க்காத பிளீச் ஒரு பங்கு, தண்ணி இருபது பங்குன்னு கலந்து கால் மணி நேரம் ஊற வெச்சு, வாசனை போற வரைக்கும் அலசி, குளோரின் நீக்கி கலந்த தண்ணியில ஒரு தடவை முக்கி, நல்லா காய விடுங்க. போர் தண்ணியால வெள்ளையா உப்பு படிஞ்சிருந்தா அதுக்கு வினிகர். ஆனா ஒண்ணு, வினிகரையும் பிளீச்சையும் எப்பவும் சேர்க்கக் கூடாது. சேர்த்தா குளோரின் வாயு வரும், பாத்ரூம்ல மாட்டினா மூச்சு முட்டிடும். ஒரு நாள் அது, நல்லா அலசிட்டு இன்னொரு நாள் இது.

அந்தக் கழுவின தண்ணியை ஓடையில ஊத்தாதீங்க. அதுல நத்தை முட்டை இருக்கலாம், பாசி இருக்கலாம், நோய் இருக்கலாம். எங்க மலை ஓடையெல்லாம் கீழ பவானிக்குத்தான் போகுது. தொட்டி சுத்தம் பண்ணும்னு வாங்கி, வளர்ந்ததும் ஏரியில விட்ட சக்கர் மீன் இன்னைக்குத் தமிழ்நாட்டு ஏரிகள்ல மீனவங்க வலையைக் கிழிச்சுட்டு இருக்கு. தண்ணியைச் சாக்கடையில ஊத்துங்க, குப்பையைக் காயவெச்சுப் போடுங்க.

இப்போ எங்க வீட்டுல

1,800 ரூபாய் ஃபில்டர் என்ன ஆச்சுன்னா, டப்பாவும் வளையமும் மட்டும் மிச்சம். மோட்டார் மூடி புதுசு வாங்கினேன், ஓ-ரிங்கும் புதுசு. மொத்தம் கூட்டினா புது ஃபில்டருக்குப் பக்கத்துல வந்திடுச்சு. (சிரிப்பு) எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு ஆர்.சி.சி.பி போட்டாச்சு. அதுல 'டெஸ்ட்'னு ஒரு பட்டன் இருக்கும். அப்பா மாசம் ஒண்ணாம் தேதி காலண்டர் கிழிச்ச கையோட அதை அமுக்கிப் பார்ப்பார். ஃபில்டர் வயரையும் பிளக்குக்குக் கீழ ஒரு வளைவு தொங்குற மாதிரி விட்டிருக்கார், தண்ணி வழிஞ்சாலும் வளைவுல சொட்டிடும், பிளக்குக்குப் போகாது. தொட்டியில கை விடணும்னா முதல்ல பிளக்கைப் புடுங்கணும், இது வீட்டுச் சட்டம்.

நாலு மணிக்கு எழுந்து அப்பா இப்பவும் உக்காந்திருப்பார், ஆனா தொட்டி முன்னாடி. போன வாரம் "இம்பெல்லர் தண்டு லேசா ஆடுது, சத்தம் மாறிடுச்சு"ன்னார். எனக்கு ஒரு வித்தியாசமும் கேக்கல. கழட்டிப் பார்த்தா தண்டோட ரப்பர் புஷ் விலகியிருந்துச்சு.

உங்க வீட்டுல மீன் தொட்டி இருந்தா, இந்த எபிசோடு முடிஞ்சதும் ரெண்டு வேலை. பிளக்கைப் புடுங்கிட்டு வயரை ஒருதடவை நீவிப் பாருங்க. மெயின் போர்டுல அந்த 'டெஸ்ட்' பட்டன் இருக்கான்னு பாருங்க. பட்டனே இல்லன்னா, அடுத்த மீன் வாங்குற காசை அதுக்குச் செலவு பண்ணுங்க. அவ்வளவுதான் மக்களே. கரண்ட் இருந்தா அடுத்த வாரம் பேசலாம்.